‘நன்றாகத் தூங்கினார்’ என்று எழுதாதீர்கள்: பெங்களூரு மனநல வார்டுக்கு வரும் தமிழ் நர்ஸ்களுக்கு

மனநல வார்டின் இரவு ரிப்போர்ட்டில் அதிகக் கெடுதல் செய்வது ஒரு சாதுவான வாக்கியம்: ‘நோயாளி நன்றாகத் தூங்கினார்.’ பத்தரை மணிக்கு மாத்திரை போட்டுப் படுத்தவர் மூன்றேகாலுக்கே எழுந்து, விடியும்வரை கட்டில் ஓரத்தில் குந்தியிருந்தால் அது கடும் மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். இரண்டரை மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு, நாலு மணிக்கே குளித்துத் தலைசீவி, களைப்பே இல்லாமல் வார்டைச் சுற்றி வருபவருக்கு மேனியா, அதாவது மனம் அளவுமீறிப் பொங்கும் நிலை, இன்னும் அடங்கவில்லை. இருவரும் படுத்தார்கள், இருவரும் தூங்கினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே வாக்கியத்தை எழுதி வைத்தால் காலை ரவுண்ட்ஸில் டாக்டர் எதைப் பார்த்து மருந்தைக் கூட்டுவார், எதைப் பார்த்துக் குறைப்பார்?

எழுத வேண்டியது இப்படி: ‘10.40க்குத் தூங்கினார். 3.15க்கு விழித்தார். 5 மணி வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு முறை பாத்ரூம் போனார். “எப்ப விடியும் சிஸ்டர்?” என்று கேட்டார். காலைக் காபியைத் தொடவில்லை.’ எழுத இரண்டு நிமிடம்கூட ஆகாது. இதில் நர்ஸின் கருத்து ஒரு சொல்கூட இல்லை, பார்த்ததும் கேட்டதும் மட்டுமே இருக்கின்றன. ‘வன்முறையாக நடந்தார்’ என்பதும் இதே ரகத்துப் பிழைதான். தட்டை வீசினாரா, கதவைத் தட்டினாரா, கையை ஓங்கினாரா, அதற்கு முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதினால்தான் அடுத்த ஷிப்ட்டுக்குப் பயன்படும்.

ஐசியூவில் மானிட்டர் இருக்கிறது. மனநல வார்டில் நோயாளியின் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்ட ஒரு கருவியும் கிடையாது. டாக்டர் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போகிறார், மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் நர்ஸ்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோவோ பிஎஸ்சி நர்சிங்கோ முடித்துவிட்டு, ‘சைக்கியாட்ரி வார்டுன்னா வேலை கம்மி’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஓசூர் ரோட்டில் பஸ் ஏறுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே டிரிப்பும் டிரெஸ்ஸிங்கும் குறைவு என்பது உண்மை. வேலை குறைவு என்பது உண்மையில்லை.

முதலில் தகுதி பற்றிய குழப்பம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பொது நர்சிங்கிலோ மனநல நர்சிங்கிலோ அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோ அல்லது பட்டம் பெற்று, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தவர் மனநலச் செவிலியர். அதாவது 3 வருட ஜிஎன்எம் முடித்தவரும் 4 வருட பிஎஸ்சி முடித்தவரும் இந்த வார்டில் வேலை பார்க்கத் தனிப்படிப்பு கட்டாயமில்லை. ஆனால் அதே சட்டம் ‘மனநல வல்லுநர்’ என்று ஒரு தனி வகையையும் வைத்திருக்கிறது. சில சேர்க்கைகளுக்கு முன்னால் நோயாளியைப் பரிசோதித்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. அந்த வகையில் வர வேண்டுமானால் மாநில மனநல ஆணையத்திலும் நர்ஸ் பதிவு செய்திருக்க வேண்டும். கவுன்சில் பதிவு வேறு, ஆணையப் பதிவு வேறு.

தனிப்படிப்பு வேண்டும் என்றால், பணியில் இருந்தபடி விடுப்பெடுத்துப் படிக்க ஏற்றது ஒரு வருட மனநல நர்சிங் டிப்ளமோ. ஆசிரியர் வேலையோ மேல்பதவியோ குறி என்றால் 2 வருட எம்எஸ்சி. பெங்களூரில் இதற்குப் பெயர் பெற்ற இடம் நிம்ஹான்ஸ். 1847இல் மனநோயாளிகள் காப்பகமாகத் தொடங்கிய இடம் அது. 1954இல் அங்கே அகில இந்திய மனநல நிறுவனம் வந்தது. 1974இல் மருத்துவமனையும் நிறுவனமும் இணைந்து நிம்ஹான்ஸ் ஆயின.

தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் இங்கே வேலைக்குச் சேர கர்நாடக நர்சிங் கவுன்சிலிலும் பதிய வேண்டும். அதற்குத் தமிழ்நாடு கவுன்சிலிடமிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இழுபறி பெரும்பாலும் சான்றிதழில் உள்ள பெயரால்தான் வருகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். ஆதாரில் அந்தப் பெயர் முழுதாக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அது குடும்பப் பெயராகப் பின்னால் போயிருக்கும். கல்யாணத்துக்குப் பின் இனிஷியல் மாறியிருந்தால் இன்னும் சிக்கல். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். தேசியப் பதிவேட்டில் தரப்படும் அடையாள எண்ணையும் கையில் வைத்திருங்கள். 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய நர்சிங் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதனால் படிவங்களும் பெயர்களும் மாறக்கூடும், பழைய வாட்ஸப் பார்வேர்டை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இனி வார்டுக்குள் போவோம்.

நோயாளி வந்ததும் முதலில் கேட்க வேண்டியது, இவர் எந்த வகைச் சேர்க்கை என்பது. தானாக விரும்பிச் சேர்ந்தவரா, அல்லது அவரால் முடிவெடுக்க முடியாத நிலையில், அவருக்குத் துணையாகச் சட்டப்படி நிற்கும் நியமனப் பிரதிநிதி விண்ணப்பித்துச் சேர்த்தவரா? இரண்டாவது வகைக்கு முதலில் 30 நாள்தான் வரம்பு. மனநல ஆய்வு வாரியத்துக்கு 7 நாளுக்குள் தகவல் போக வேண்டும், பெண்களுக்கும் சிறாருக்கும் 3 நாளுக்குள். முதல் வகையில் சேர்ந்தவர் ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து “நான் வீட்டுக்குப் போறேன்” என்றால், “நாளைக்கு டாக்டர் வரட்டும்” என்று மட்டும் சொல்லி அனுப்பக்கூடாது. அவர் கேட்ட நேரத்தை எழுதி, உடனே டூட்டி டாக்டருக்குச் சொல்ல வேண்டும். ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் மனநல வல்லுநர் அவரை மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரை நிறுத்திவைக்கலாம். அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்கியது என்பதற்குப் பிற்பாடு சான்றாக நிற்பது நர்ஸ் எழுதிய நேரம்தான்.

அடுத்தது உடைமைச் சோதனை. அதே பாலினத்து ஊழியர் இருவர், உறவினர் முன்னிலையில் பார்த்து, பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். பெல்ட், ஷூ லேஸ், துப்பட்டா, சார்ஜர் வயர், பிளேடு, தீப்பெட்டி, கண்ணாடி வைத்த பொட்டு டப்பா ஆகியவற்றை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். நம் ஊர்க்காரர்களிடம் தப்பிப் போவது இரண்டு: ஆண்களின் அரைஞாண் கயிறு, பெண்கள் தாலிச் சரட்டிலோ வளையலிலோ கோத்து வைத்திருக்கும் ஊக்கு. வடநாட்டு ஊழியருக்கு ஊக்கு அங்கே இருக்கும் என்றே தெரியாது, தமிழ் நர்ஸுக்குத் தெரியும். தாலியைக் கழற்றச் சொல்லி அதட்டுவது முதல் நாளிலேயே உறவை முறித்துவிடும். “அக்கா, ஊக்கை மட்டும் எடுத்துடலாம், குத்திக்கும்” என்று தொடங்கி, சரடு பற்றிய முடிவை டாக்டரோடும் குடும்பத்தோடும் பேசி எடுக்கலாம். நோயாளி விரும்பினால் தன் சொந்த உடையையே அணியலாம், சீருடையைத் திணிக்கக்கூடாது, தலையை மொட்டையடிக்கக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கப் புது நர்ஸ்கள் தயங்குகிறார்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் தவறானது. நேராகக் கேட்பதில் கெடுதல் இல்லை, சுற்றி வளைத்தால்தான் பதில் நழுவும். “வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதா?” என்று தொடங்கலாம். ஆமாம் என்றால் “செத்துடணும்னு நினைச்சீங்களா?”, அதற்கும் ஆமாம் என்றால் “எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கீங்களா?”. இந்த மூன்றாவது கேள்வியின் பதில் உடனே டாக்டர் காதுக்குப் போக வேண்டும். ‘யாருகிட்டயும் சொல்லாதீங்க சிஸ்டர்’ என்ற வாக்குறுதியை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

ஆபத்து கூடும் நேரங்கள் உண்டு. சேர்ந்த முதல் சில நாள், ஷிப்ட் மாறும் அரைமணி, டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளும் பிந்தைய வாரமும். இன்னொன்று, பலரும் கவனிக்காதது: மருந்து வேலை செய்யத் தொடங்கி, மனம் இன்னும் இருண்டே இருக்க உடம்பில் மட்டும் தெம்பு திரும்பும் வாரம். ‘இப்பத்தான் நல்லா எழுந்து நடக்கறார்’ என்று கண்காணிப்பைத் தளர்த்துவது அப்போதுதான். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால், கடிகாரம் போல் 15, 30, 45 என்று போகக்கூடாது. நோயாளி அந்த இடைவெளியைக் கற்றுக்கொள்வார். 9 நிமிடத்தில் ஒருமுறை, 14 நிமிடத்தில் ஒருமுறை, 6 நிமிடத்தில் ஒருமுறை என்று மாற்றிப் போங்கள். போர்த்திப் படுத்திருந்தால் கட்டிலில் உருவம் தெரிவது போதாது, மூச்சு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

மருந்து கொடுப்பது தட்டை நீட்டுவதோடு முடிவதில்லை. மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துத் துப்புகிறவர்கள் உண்டு. சேர்த்து வைத்து ஒரே நாளில் விழுங்குகிறவர்களும் உண்டு. முழு டம்ளர் தண்ணீர் கொடுத்து, ஒரு நிமிடம் நின்று பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடிப்பதைவிட இது மரியாதையான வழி.

மேனியாவுக்குத் தரும் லித்தியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ரத்த அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம், தீவிர மேனியாவில் 1.2 வரை போகலாம், 1.5ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகளை எதிர்பார்க்க வேண்டும். கடைசி டோஸ் எடுத்து 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9க்கு மாத்திரை என்றால் காலை 9க்கு ரத்தம், அதுவரை காலை மாத்திரை கிடையாது. இங்கே நடக்கும் தவறு, காலை நர்ஸ் வழக்கம்போல் 8 மணி மாத்திரையைக் கொடுத்துவிடுவது. அளவு பொய்யாக ஏறிக் காட்டும், நல்ல டோஸைக் குறைத்துவிடுவார்கள். இன்னொரு தவறு பச்சை மூடி டியூபில் எடுப்பது. அதில் உறையாமல் இருக்கப் பூசியிருப்பது பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். நோயாளியின் ரத்தத்தோடு டியூபின் லித்தியமும் சேர்ந்து எண் எகிறும். இந்தப் பரிசோதனைக்குச் சிவப்பு மூடி டியூப்தான்.

மெல்லிய கை நடுக்கம் லித்தியத்தில் சாதாரணம். டம்ளர் தளும்பும் அளவு நடுக்கம், வாந்தி, பேதி, தள்ளாட்டம், குழறல் இவற்றில் எது புதிதாக வந்தாலும் அடுத்த டோஸை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். டிஸ்சார்ஜின்போது சொல்ல வேண்டியதும் இதையொட்டித்தான்: உப்பைத் திடீரென்று குறைக்காதீர்கள், விரதமோ பேதியோ வெயில் வேலையோ என்றால் தண்ணீர் தவறாதீர்கள், மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு டைக்ளோபெனாக், ஐபுபுரோபென் வாங்காதீர்கள். அவை லித்தியம் சிறுநீரில் வெளியேறுவதைக் குறைத்து, ரத்தத்தில் தேக்கிவிடும்.

மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் எடுப்பவருக்கு முதல் 18 வாரம் வாராவாரம் வெள்ளையணு எண்ணிக்கை பார்ப்பார்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே ரத்தம் எடுக்க வேண்டும். வெள்ளையணு குறைந்துபோகும், எல்லோருக்கும் தெரிந்த இந்த ஆபத்தைவிட வார்டில் அதிகம் கோட்டை விடப்படுவது மலச்சிக்கல். குடல் இயக்கமே நின்று உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குப் போகலாம். “இன்னைக்கு மோஷன் போனீங்களா?” என்று தினமும் கேட்டு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து விட்டுப்போயிருந்தால் பழைய டோஸில் தொடரக்கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.

கொந்தளிப்பில் இருக்கும் நோயாளியிடம் முதலில் செய்வது குரலைத் தாழ்த்துவதும், ஒருவர் மட்டும் பேசுவதும், கதவு வழியை மறிக்காமல் ஒரு கை நீட்டத்துக்கும் அதிகமாகத் தள்ளி நிற்பதும். ஊசி தேவைப்பட்டால் ஹாலோபெரிடாலோடு ப்ரோமெதசின் சேர்ப்பது இந்திய வார்டுகளில் நெடுநாள் பழக்கம். அது சரிதானா என்று வேலூர் சிஎம்சியில் 200 பேரை வைத்துச் சோதித்த ஆய்வு 2004இல் வெளியானது. லோரசெபாம் என்ற இன்னொரு மருந்தும் அந்தக் கூட்டு ஊசியும் இரண்டுமே அமைதிப்படுத்தின, கூட்டு ஊசி இன்னும் சீக்கிரம் அமைதிப்படுத்தியது. ஊசிக்குப் பின் மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் பார்ப்பதோடு கழுத்து ஒருபக்கம் இழுக்கிறதா, கண் மேலே சொருகுகிறதா என்றும் பாருங்கள். குடும்பத்தார் அதைப் பேய் பிடித்ததாக நினைத்துப் பதறுவார்கள். அது மருந்தின் பக்கவிளைவு, டாக்டர் எழுதித் தரும் மாற்று ஊசியில் சரியாகிவிடும். காய்ச்சலோடு உடம்பு மரம்போல் விறைத்தால் அது வேறு, அவசர நிலை.

நோயாளியைக் கட்டிவைப்பது பற்றிச் சட்டம் கறாராக இருக்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது, மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரம் மட்டும். தண்டனையாகவோ மிரட்டலாகவோ கூடாது, ஆள் பற்றாக்குறையும் காரணம் ஆகாது. முறை, காரணம், நேரம் உடனே குறிப்பில் ஏற வேண்டும், நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தகவல், மாதாமாதம் வாரியத்துக்கு அறிக்கை. தனியறையில் பூட்டுவது அறவே கூடாது. சங்கிலிக்கு முழுத் தடை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் எழுந்து ஓட வழியில்லாமல் இறந்தார்கள். கையைக் கட்டும் துணியை முடிச்சிடும் ஒவ்வொரு நர்ஸும் அதை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். கட்டியே ஆக வேண்டியிருந்தால் மல்லாக்க, தலையைச் சற்று உயர்த்தி, குப்புறக் கிடத்தாமல், கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்படி கட்டி, பக்கத்திலேயே இருந்து விரல் நுனி நிறம், மூச்சு, தண்ணீர், சிறுநீர் பார்த்து எழுதுங்கள். அவர் அமைதியானதும் ஒவ்வொரு கட்டாக அவிழ்த்துவிடுங்கள்.

ஈசிடியை, அதாவது மூளைக்கு மின்சாரம் செலுத்தி வலிப்பு வரவைக்கும் சிகிச்சையை, இன்று மயக்கமருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் செய்ய சட்டம் விடுவதில்லை. நர்ஸின் வேலை முந்தைய இரவே தொடங்குகிறது. 6 மணி நேரத்துக்குத் திட உணவு கிடையாது. பக்கத்துக் கட்டில்காரர் நீட்டும் பிஸ்கட்டையும் கவனியுங்கள். தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்திருந்தால் முந்தைய நாளே ஷாம்பு போட்டு அலச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கில் மின்முனை சரியாகப் படியாது, வலிப்பு சரியாக வராமல் போகலாம். பல்செட், ஹேர்பின், மூக்குத்தி கழற்றி, ஆடிக்கொண்டிருக்கும் பல் இருக்கிறதா என்று பார்த்து, சிறுநீர் கழிக்கவைத்து அனுப்புங்கள். திரும்பியதும் பக்கவாட்டில் படுக்கவைத்து, விழித்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறார் என்பதைத் தாய்மொழியில் சொன்னால் குழப்பம் சீக்கிரம் தெளியும்.

பொது வார்டில் வேலை பார்க்கிறவருக்கும் இந்த அறிவு தேவைப்படும் இடம் குடிப்பழக்கம். கால் எலும்பு முறிந்து எலும்பு வார்டில் சேர்ந்தவர் மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்லி டிரிப்பைப் பிடுங்குவார். குடி நின்ற முதல் இரண்டு நாளில் வலிப்பு, இரண்டு மூன்று நாளில் டெலிரியம் என்ற கடும் மனக்குழப்பம். சேரும்போதே கடைசியாகக் குடித்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு எழுதியிருந்தால் முன்கூட்டியே மருந்து தொடங்கியிருக்கலாம். குளுக்கோஸ் ஏற்றும் முன் தயமின், அதாவது வைட்டமின் பி1, கொடுக்க வேண்டும். தயமின் குறைந்த உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மூளை பாதிக்கலாம்.

பெங்களூரில் மொழி ஒரு பெரிய கருவி. அல்சூர், ஸ்ரீராமபுரத்துத் தமிழரும் ஓசூர் தாண்டி வருகிறவரும் தமிழ் நர்ஸைப் பார்த்ததும் மனம் திறப்பார்கள். கன்னடமும் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்: “ஊட்டா ஆயித்தா?” சாப்பிட்டாச்சா, “நித்தெ பந்தா?” தூக்கம் வந்ததா. ஒரு சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். சென்னைத் தமிழில் ‘பேஜார்’ என்றால் தொல்லை. கன்னட நோயாளி “தும்பா பேஜாரு” என்றால் மனசு மிகவும் கஷ்டமாக இருக்கிறது என்று பொருள். தொல்லை என்று எழுதிவைத்தால் ஒரு மனச்சோர்வு நோயாளியின் முறையீடு சிடுசிடுப்பாகப் பதிவாகிவிடும்.

வேலை எங்கெல்லாம்? மத்திய அரசு நிறுவனங்களில் இப்போது பதவிப் பெயர் நர்சிங் ஆபீசர், ஏழாவது ஊதியக் குழுவின் 7ஆம் நிலையில் அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாயில் தொடங்கும். எய்ம்ஸ் தேர்வுக்கு ஜிஎன்எம் படித்தவர்கள் 50 படுக்கை மருத்துவமனையில் 2 வருட அனுபவம் காட்ட வேண்டும், அனுபவச் சான்றில் படுக்கை எண்ணிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மாவட்ட மனநலத் திட்டக் குழுக்களிலும் நர்ஸ் பணியிடம் உண்டு. அங்கே பாதி வேலை, மருந்தை நிறுத்திய குடும்பத்தைத் தேடிப் போவது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ், அதாவது 14416 என்ற தொலைபேசி உதவி, ஆலோசனைப் பக்கமும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. குடிமறுவாழ்வு மையங்கள், மறுவாழ்வு இல்லங்கள், நர்சிங் கல்லூரிகள் எல்லாம் இருக்கின்றன. பிரிட்டனில் மனநல நர்சிங்குக்குத் தனிப்பதிவு உண்டு, பொது நர்ஸ் தேர்விலிருந்து வேறான தேர்வு. ஆங்கிலத்துக்கு ஐஈஎல்டிஎஸ்ஸில் 7, எழுத்தில் மட்டும் 6.5 போதும்.

தனியார் மருத்துவமனை நேர்காணலில் சம்பளத்தோடு சிலவற்றையும் கேளுங்கள். இரவில் எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ், அலாரம் அடித்தால் யார் வருவார்கள், கட்டுவதற்கான அனுமதியை ராத்திரி எந்த டாக்டர் தருவார். முடிந்தால் வார்டைப் பார்க்கக் கேட்டு, கண்காணிப்புச் சார்ட்டை ஒரு பார்வை பாருங்கள். இரவு முழுக்க 15, 30, 45 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், எல்லாக் கட்டத்திலும் ‘தூங்குகிறார்’ என்றிருந்தால், அங்கே ராத்திரி யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.